வாயுவின் நிறை தப்பாக வருகிறதா? எத்தனை மடங்கு தப்பு என்று முதலில் பாருங்கள்

வாயுவின் நிறையைக் கண்டுபிடிக்கும் கணக்கில் விடை ஒத்துவரவில்லை என்றால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். அதே கணக்கை மேலேயிருந்து கீழே வரை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார்கள். அதே கை, அதே கால்குலேட்டர், அதே தப்பு, அதே விடை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நோட்டைப் பார்க்காமல் விடையை மட்டும் கேட்டுவிட்டு "செல்சியஸை அப்படியே போட்டுட்டே" என்று சொன்னால் ஏதோ ஜோசியம் பார்த்தது மாதிரி முழிப்பார்கள். ஜோசியமெல்லாம் இல்லை. இந்தச் சமன்பாட்டில் இருப்பது பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான், அதனால் ஒவ்வொரு தப்பும் விடையைத் தனக்கென்று ஒரு மடங்கில்தான் கெடுக்கும். அந்த மடங்கைப் பார்த்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

சமன்பாடு தெரிந்ததுதான், பிவி = என்ஆர்டி. பி அழுத்தம், வி கன அளவு, என் மோல் எண்ணிக்கை, ஆர் வாயு மாறிலி, டி வெப்பநிலை (செல்சியஸோடு 273 கூட்டி, கெல்வினில்). மோல் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் "நிறை ÷ மோலார் நிறை" (மோலார் நிறை என்பது ஒரு மோலின் நிறை) என்று போட்டு இடம் மாற்றினால்:

நிறை = (அழுத்தம் × கன அளவு × மோலார் நிறை) ÷ (ஆர் × வெப்பநிலை)

தமிழ்நாட்டுப் பாடநூலில் இது நல்லியல்பு வாயுச் சமன்பாடு, இலங்கையில் இலட்சிய வாயுச் சமன்பாடு. அங்கே நாம் நிறை என்பதைத் திணிவு என்பார்கள், நிறை என்றால் அவர்களுக்கு எடை. இரண்டு ஊர்ப் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் படிக்கிறவர்கள் இதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கீழே வரும் பிழைகளுக்கெல்லாம் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் கலன், உள்ளே ஆக்சிஜன், 27 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 5 ஏடிஎம் (அட்மாஸ்பியர் என்ற அழுத்த அலகு). ஆருக்கு 0.08206 போட்டால் சரியான விடை 64.96 கிராம், அதாவது 65 கிராம்.

ஆனால் சரியான விடை தெரியாதபோது எத்தனை மடங்கு தப்பு என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரிக்குப் பக்கத்தில், 1 ஏடிஎம் அழுத்தத்தில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 25 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே லிட்டரையும் ஏடிஎம்மையும் மோலார் நிறையையும் பெருக்கி 25-ஆல் வகுத்துவிடுங்கள். 10 × 5 × 32 = 1600, வகுத்தால் 64. பேனாவே எடுக்க வேண்டாம். இந்த உத்தேச விடையைப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் கால்குலேட்டரைத் தொடுங்கள். உங்கள் விடையை இதனால் வகுத்தால் வருவதுதான் நாம் தேடும் மடங்கு.

விடை மைனஸில் வருகிறது, அல்லது கால்குலேட்டர் "எரர்" காட்டுகிறது

வெப்பநிலைதான், வேறெதுவும் இல்லை. பனிக்கட்டிக் கணக்கில் 0 டிகிரியை அப்படியே போட்டால் பூஜ்யத்தால் வகுத்ததாகிவிடும். மைனஸ் 10 டிகிரியை அப்படியே போட்டால் நிறையும் மைனஸ். 273-ஐக் கூட்டுவதற்குப் பதில் கழித்தாலும் இதே கதி: நம் கணக்கில் மைனஸ் 79 கிராம் வரும். மைனஸ் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் இந்தத் தப்பு தானாக வந்து மாட்டிக்கொள்கிறது. அடுத்தது அப்படியில்லை.

விடை பல மடங்கு பெரிதாக இருக்கிறது, மடங்கு முழு எண்ணாகவும் இல்லை

நம் கணக்கில் 722 கிராம் வந்தால் அது 11.1 மடங்கு. 300-ஐ 27-ஆல் வகுத்தால் அதே 11.1. கெல்வினாக மாற்றவில்லை, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, மடங்கு வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பது. 50 டிகிரியில் ஆறரை மடங்கு, 100 டிகிரியில் 3.7 மடங்கு. வெப்பநிலை ஏற ஏறத் தப்பு சுருங்கும், விடையும் நம்பும்படியாகவே இருக்கும். கொதிநீர்த் தொட்டியில் குடுவையை வைத்துச் செய்யும் சோதனைகளில் இதைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். மற்றபடி 273-ஆ 273.15-ஆ என்று யாரும் சண்டை போட வேண்டாம். அறை வெப்பநிலையில் அந்த வித்தியாசம் 0.05 சதவீதம்.

விடை நூறு மடங்குக்குப் பக்கத்தில் தப்பு

0.64 கிராம் என்று வந்தால் 101 மடங்கு சிறிது. 6,582 கிராம் என்று வந்தால் 101 மடங்கு பெரிது. 101.3 என்ற எண்ணை எங்கே பார்த்திருக்கிறோம்? 1 ஏடிஎம் என்பது 101.325 கிலோபாஸ்கல். ஆரின் மதிப்பு ஒரு அலகில், அழுத்தம் இன்னொரு அலகில். சிறிதாக வந்தால் ஏடிஎம்மை வைத்துக்கொண்டு 8.314 போட்டிருக்கிறீர்கள். பெரிதாக வந்தால் கிலோபாஸ்கலை வைத்துக்கொண்டு 0.08206.

ஆரின் மதிப்புகளை மனப்பாடம் செய்வதில் தப்பில்லை, ஆனால் அலகோடு சேர்த்துச் செய்யுங்கள். லிட்டரும் ஏடிஎம்மும் என்றால் 0.08206. லிட்டரும் பாரும் என்றால் 0.08314. லிட்டரும் மில்லிமீட்டர் பாதரசமும் என்றால் 62.36. லிட்டரும் கிலோபாஸ்கலும் என்றால் 8.314, கனமீட்டரும் பாஸ்கலும் என்றாலும் அதே 8.314. கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. ஒரு பக்கம் ஆயிரத்தால் பெருக்கி மறுபக்கம் ஆயிரத்தால் வகுக்கிறோம், இரண்டும் அடிபட்டுப் போகிறது. இது வசதிதான், ஆனால் அடுத்த பிழைக்கு விதையும் இதுதான்.

இடையில் ஒன்று. 2019-இல் அலகுகளின் வரையறையை மாற்றியபோது போல்ட்ஸ்மன் மாறிலிக்கும் அவகாட்ரோ எண்ணுக்கும் நிலையான மதிப்பு கொடுத்துவிட்டார்கள். இரண்டின் பெருக்கல்தான் ஆர் என்பதால் இப்போது அதுவும் அளந்து கண்டுபிடிக்க வேண்டிய எண் இல்லை, 8.31446261815324 என்று நிலைத்துவிட்டது. நமக்கு 8.314 போதும்.

760 மடங்கு பெரிதாக வந்தாலும் இதே நோய்தான். அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசத்தில் இருந்திருக்கும், ஆர் மட்டும் 0.08206. நம் 10 லிட்டர் கலனில் 49 கிலோ ஆக்சிஜன் இருப்பதாக விடை வரும்.

விடை ஆயிரம் மடங்கு தப்பு

லிட்டர், கனமீட்டர் குழப்பம்தான் முதல் சந்தேகம். பாஸ்கலை வைத்துக்கொண்டு லிட்டரை அப்படியே போட்டால் 65 கிராம் 65,000 கிராம் ஆகிவிடும். இன்னொரு வகை: எல்லாவற்றையும் ஒழுங்காகக் கனமீட்டர், பாஸ்கலில் போட்டுவிட்டு மோலார் நிறையை 32 என்று வைத்தால் விடை கிராமில் வரும். ஆனால் "எஸ்ஐ அலகு போட்டோமே" என்ற தைரியத்தில் 65 கிலோகிராம் என்று எழுதிவிடுவார்கள். கிலோகிராமில் வேண்டுமானால் மோலார் நிறை 0.032.

ஒரு பையன் 0.063 கிராம் என்று விடை கொண்டுவந்தான். நானும் ஆயிரம் மடங்கு சிறிது என்று நினைத்து, லிட்டரைக் கனமீட்டராக மாற்றினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தால் அலகெல்லாம் சரி, மோல் எண்ணிக்கை 2.03 என்பதும் சரி. கடைசி வரியில் 32-ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறான். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தால் தப்பு 32 மடங்கு இல்லை, 32 × 32, அதாவது 1024 மடங்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அலகுத் தப்பாக இருந்தால் 0.065 வரும், இது 0.063. மூன்றாவது இலக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நைட்ரஜன் என்றால் 28 × 28 = 784, கார்பன் டை ஆக்சைடு என்றால் 44 × 44 = 1936, குழப்பமே வராது. ஆக்சிஜனுக்கு மட்டும்தான் இந்தக் கண்ணாமூச்சி.

விடை 32 மடங்கு மட்டும் சிறிதாக இருந்தால், அதாவது "2.03 கிராம்" என்று இருந்தால், மோல் எண்ணிக்கையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள்.

விடை லட்சக்கணக்கில்

58 லட்சம் கிராம். அதாவது 10 லிட்டர் கலனுக்குள் கிட்டத்தட்ட 6 டன். கால்குலேட்டரில் 1600 ÷ 0.08206 × 300 என்று தட்டியிருக்கிறீர்கள். அது முதலில் வகுத்துவிட்டு, வந்ததை 300-ஆல் பெருக்கும். நீங்கள் நினைத்தது வேறு. கீழே உள்ள இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது ÷ குறியை இரண்டு முறை போடுங்கள்.

விடை சரியாகப் பாதி

ஆக்சிஜன் 16, நைட்ரஜன் 14, ஹைட்ரஜன் 1, குளோரின் 35.5 என்று அணு நிறையைப் போட்டிருக்கிறீர்கள். வாயுவாக இருக்கும்போது இவை இரட்டை அணு மூலக்கூறுகள். ஹீலியம், நியான், ஆர்கான் தனி ஆட்கள், அவற்றை இரட்டிப்பாக்கி விடாதீர்கள்.

நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு விவகாரமான வாயு. மோலார் நிறை 46 என்று போட்டு அறை வெப்பநிலையில் கணக்குப் போட்டால் உண்மையைவிட மிகக் குறைவாக வரும். அந்தப் பழுப்பு வாயுவின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி இரண்டிரண்டாகச் சேர்ந்து நிறமில்லாத டை நைட்ரஜன் டெட்ராக்சைடாக மாறியிருக்கும், அதன் மோலார் நிறை 92. இங்கே உங்கள் கை தப்பு செய்யவில்லை.

விடை 10 சதவீதம் கூடுதல்

71.4 கிராம். 22.4-ஐப் போட்டிருக்கிறீர்கள். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 ஏடிஎம் என்ற நிலைக்கு மட்டும். 27 டிகிரியில் அது 24.6 லிட்டர். பத்தாம் வகுப்பில் 22.4 மனதில் பதிந்துவிடுகிறது, அப்புறம் போகவே மாட்டேன் என்கிறது. இதில் ஒரு உபகதை: வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயுபேக் 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 ஏடிஎம்மிலிருந்து 1 பாருக்கு மாற்றியது, அந்த நிலையில் அதே ஒரு மோலுக்கு 22.7 லிட்டர். இரண்டு புத்தகம் இரண்டு எண் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். பாரையும் ஏடிஎம்மையும் ஒன்றாக நினைத்தால் வரும் தப்பு 1.3 சதவீதம்தான். தேர்வில் அது தெரியாது, சோதனையில் தெரியும்.

தாளில் வரும் தப்புகள் இவ்வளவுதான். கணக்கு சரியாக இருந்தும் தராசு வேறு சொல்வது இன்னொரு ரகம். அங்கே மடங்கு கிடையாது, சதவீதம்தான்.

நீருக்கு மேல் சேகரித்த வாயு, விடை 3 முதல் 5 சதவீதம் கூடுதல்

சிகரெட் லைட்டர் சோதனையை எடுத்துக்கொள்வோம். லைட்டரை எடை போட்டுவிட்டு, பக்கெட் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு ஜாடிக்குள் வாயுவை விட வேண்டும். அப்புறம் லைட்டரைத் துடைத்து மறுபடி எடை போட்டால் எவ்வளவு வாயு போனது என்று தராசே சொல்லிவிடும், அதைச் சமன்பாடு சொல்வதோடு ஒப்பிடலாம். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மீதமிருப்பதைக் கொளுத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.)

240 மில்லிலிட்டர், தண்ணீர் 28 டிகிரி, காற்றழுத்தம் 757 மில்லிமீட்டர் பாதரசம் என்று வையுங்கள். பியூட்டேனின் மோலார் நிறை 58.12. நேராகப் போட்டால் 0.562 கிராம். ஆனால் ஜாடிக்குள் இருப்பது பியூட்டேன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. 28 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 28.3 மில்லிமீட்டர். அதைக் கழித்தால் பியூட்டேனின் பங்கு 728.7, நிறை 0.541 கிராம். வித்தியாசம் கிட்டத்தட்ட 4 சதவீதம்.

வெளிநாட்டுப் புத்தகங்களின் மாதிரிக் கணக்குகள் பெரும்பாலும் 20 டிகிரியிலோ 25 டிகிரியிலோ இருக்கும், அங்கே ஆவி அழுத்தம் 17.5, 23.8. நம் சித்திரை மாதத்தில் பக்கெட் தண்ணீர் 35 டிகிரியைத் தொட்டால் 42.2 மில்லிமீட்டர், மொத்த அழுத்தத்தில் ஐந்தரை சதவீதம். அவர்கள் "சிறிய திருத்தம்" என்று எழுதியதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இதைச் சரிசெய்த பிறகும் ஒத்துவரவில்லையா? ஜாடிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருந்ததா என்று யோசியுங்கள். உள்ளே 136 மில்லிமீட்டர் உயரமாக நின்றிருந்தால் வாயுவின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட 10 மில்லிமீட்டர் பாதரசம் குறைவு, ஏனென்றால் பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி. ஜாடியைத் தூக்கியோ இறக்கியோ மட்டத்தைச் சமமாக்கிவிட்டு அளவெடுத்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

எதுவும் ஒத்துவராமல் தராசு மட்டும் குறைவாகக் காட்டினால் லைட்டரைப் பாருங்கள். நான் முதல் தடவை இந்தச் சோதனையைச் செய்தபோது சமன்பாட்டைத்தான் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் லைட்டரை உதறினேன். சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு மேஜைமேல் விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் 0.05 கிராம், நாம் அளக்க வந்ததே 0.54 கிராம். போன வாயுவில் பத்தில் ஒரு பங்கை அந்த ஒரு சொட்டு மறைத்துவிடுகிறது. அதற்கு அப்புறம் லைட்டரைத் தண்ணீரில் நனைத்து, உதறித் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் முதல் எடையையே எடுக்கிறேன். முதலிலும் கடைசியிலும் ஒரே மாதிரி நனைந்து ஒரே மாதிரி உலர்ந்திருந்தால் மிச்ச ஈரம் அடிபட்டுப் போகும்.

கார்பன் டை ஆக்சைடை நீருக்கு மேல் சேகரித்தால் சிக்கல் தலைகீழ், விடை குறைவாக வரும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 0.8 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து வந்த வாயுவில் ஒரு பகுதி பக்கெட்டிலேயே தங்கிவிடுகிறது. சிரிஞ்சிலோ பலூனிலோ பிடியுங்கள். அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு பக்கம் தண்ணீரையே கொண்டுபோகாதீர்கள்.

ஊட்டியில் மட்டும் 30 சதவீதம் கூடுதல்

மலை ஊர்ப் பள்ளிகளில் வரும் பிழை. அழுத்தத்தை அளக்காமல் 1 ஏடிஎம் என்று வைத்துக்கொண்டால் சென்னையில் தப்பிக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். 101-ஐ 77-ஆல் வகுத்தால் 1.31.

சரி, போனில் வானிலை பார்த்துப் போடலாமே என்றால் அதிலும் ஒரு குழி. வானிலைச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய அழுத்தம். ஊட்டியில் நின்று பார்த்தாலும் 1,010 ஹெக்டோபாஸ்கலுக்குப் பக்கத்தில்தான் காட்டும். வாயுவுக்குத் தேவை அது இருக்கும் இடத்து அழுத்தம். போனிலேயே அழுத்த உணரி இருந்தால் அது காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆய்வகத்து பாரோமீட்டர்.

பலூனுக்குள் 4.8 கிராம் காற்று என்கிறது கணக்கு, தராசு 0.1 கிராம்தான் காட்டுகிறது

இரண்டும் சரி. 4 லிட்டர் பலூன், 30 டிகிரி, உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக 104 கிலோபாஸ்கல், காற்றின் சராசரி மோலார் நிறை 28.97 என்று போட்டால் 4.78 கிராம். ஆனால் அந்தப் பலூன் தான் இருக்கும் இடத்தில் 4 லிட்டர் வெளிக்காற்றை விலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காற்றின் நிறை 4.66 கிராம், அவ்வளவு மிதப்பு விசை பலூனை மேலே தூக்குகிறது. தராசுக்குத் தெரிவது மிச்சமிருக்கும் 0.12 கிராம் மட்டும். (காலி ரப்பரின் எடையை ஏற்கெனவே கழித்துவிட்டோம்.) மீனவர் வலையைத் தண்ணீருக்குள் இழுக்கும்போது இலேசாகவும் படகில் ஏற்றும்போது கனமாகவும் இருக்கிறதே, அதேதான். நாமும் ஒரு கடலின் அடியில்தான் இருக்கிறோம், காற்றுக்கடல். 4 மீட்டர், 3 மீட்டர், 3 மீட்டர் அறைக்குள் இருக்கும் காற்றைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், 42 கிலோ வரும்.

விறைப்பான கண்ணாடிக் குடுவையில் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு எடை போட்டு, பிறகு வாயுவை நிரப்பி எடை போட்டால் இந்தச் சிக்கல் அநேகமாகப் போய்விடும், இரண்டு தடவையும் மிதப்பு ஒன்றுதான். அநேகமாக என்றுதான் சொல்ல வேண்டும். உறிஞ்சிய குடுவை வெளியழுத்தத்தால் இம்மியளவு சுருங்கும், அதனால் மிதப்பும் இம்மியளவு மாறும். 1880-களில் வாயுக்களின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு இதைக் கூடத் திருத்திக்கொண்டுதான் எடை போட்டார். அந்தக் கவனம் இருந்ததால்தான் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருந்தபோது அவரால் "அளவுப் பிழை" என்று தள்ளிவிட முடியவில்லை. 1894-இல் வேதியியலாளர் ராம்சேயும் அவரும் அறிவித்தார்கள்: காற்று நைட்ரஜனோடு ஆர்கான் கலந்திருந்தது. நம் சமன்பாட்டின் மொழியில் சொன்னால் மோலார் நிறை 28 என்று வைத்துக்கொண்டதுதான் தப்பு.

டயர், சிலிண்டர்: கேஜ் காட்டியதை அப்படியே போட்டால்

பெட்ரோல் பங்கில் 32 வையுங்கள் என்கிறோமே, அந்த 32 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. 28 லிட்டர் டயர், 30 டிகிரி என்றால் கேஜ் அழுத்தத்தை மட்டும் போட்டு 71 கிராம் காற்று வரும். வெளியழுத்தத்தையும் கூட்டிப் போட்டால் 104 கிராம். சந்தேகம் இருந்தால் பஞ்சரான டயரை யோசித்துப் பாருங்கள். கேஜ் பூஜ்யம் காட்டுகிறது, அதற்காக உள்ளே காற்றே இல்லையா என்ன?

அழுத்தம் ஏற ஏற இந்த 1 ஏடிஎம் பொருட்டாகத் தெரியாது, ஆனால் வேறொன்று கிளம்பும். மருத்துவமனையில் பார்க்கும் 10 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டரில் 150 பார் என்று வைத்தால் சமன்பாடு 1.92 கிலோ என்கிறது. உண்மையில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக, 2 கிலோ இருக்கும். அந்த நெருக்கத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் அதே அழுத்தத்துக்குள் இன்னும் கொஞ்சம் வாயு அடங்கிவிடுகிறது. புத்தகத்தில் இதற்கு அமுக்கத்திறன் காரணி என்று பெயர், இந்த இடத்தில் அதன் மதிப்பு 0.95. விடையை அதனால் வகுத்துவிடுங்கள்.

கேஸ் சிலிண்டரில் அரைக் கிலோகூட இல்லை என்கிறது கணக்கு

வீட்டுச் சமையல் சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 33 லிட்டர். உள்ளே 6 பார், மோலார் நிறை சராசரியாக 55, வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 430 கிராம்தான் வருகிறது. வெளியே எழுதியிருப்பது 14.2 கிலோ. அலகைத் தேடாதீர்கள், ஆரைத் தேடாதீர்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று ஏஜென்சிக்குப் போன் செய்ய வேண்டாம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். இந்தச் சமன்பாடு பேசுவது திரவத்துக்கு மேலே மிச்சமுள்ள வாயுவைப் பற்றி மட்டும், அதிலும் 33 லிட்டரையும் வாயுவுக்கே கொடுத்ததால் அந்த 430-மே அதிகப்படி.

இதனால்தான் அழுத்தத்தை அளந்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்ல முடியாது. ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை வெப்பநிலைக்குத் தக்கபடி அழுத்தம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், மாதத்தின் முதல் நாளும் சரி, இருபதாம் நாளும் சரி. மிச்சம் தெரிய வேண்டுமானால் தூக்கித் தராசில் வைத்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள்.

திரவம் முழுக்கத் தீர்ந்து அழுத்தம் இறங்கத் தொடங்கிய பிறகு சமன்பாடு மறுபடி செல்லுபடியாகும். அடுப்பு அணைந்து, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றாகி, காலி என்று நாம் திருப்பிக் கொடுக்கும் சிலிண்டருக்கும் போட்டுப் பாருங்கள்: 33 லிட்டர், 1 ஏடிஎம், 55, 30 டிகிரி. மனக்கணக்கு, 33 × 55 ÷ 25. எழுபது கிராமுக்கு மேல் உள்ளேயேதான் இருக்கிறது.